ரிஜிஸ்டரில் ஸ்டாக்ஹோம், இறங்கியது மாஸ்கோ!



கோவையில் மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தம்பியிடமிருந்து இந்த வாரம் மெயில். ‘அண்ணா, எனக்கு லாட்டரி அடிச்சு, ஒரு குட்டி விமானம் வாங்கிட்டேன்னு வைங்க. ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பி, சும்மா பக்கத்து நாட்டு ஆகாயத்துல ஒரு ரவுண்டு அடிச்சிட்டு, ராத்திரி மெஸ் மூடுறதுக்குள்ள வந்துட முடியுமா? யாராச்சும் சுட்டுடுவாங்களா?’

தம்பி, தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை போட்டாச்சு. அதனால முதல் பிரச்னையே உங்களுக்குப் பணம்தான். ஆனா, அந்தக் கடைசிக் கேள்வி இருக்கு பாருங்க, ‘சுட்டுடுவாங்களா?’ அதுதான் சரியான கேள்வி. அதை யோசிச்சும் கிளம்பின ஒரு பையனோட கதையைச் சொல்றேன். கிளம்பினப்போ அவனுக்கு உங்களைவிட வயசு கம்மி. பத்தொன்பது முடிய... ஸாரி, பத்தொன்பது ஆரம்பிக்கவே இன்னும் நாலு நாள் பாக்கி!

பெயர் மத்தியாஸ் ரஸ்ட். அப்போதைய மேற்கு ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் வேடல் என்ற சின்ன ஊர். பைலட் லைசென்ஸ் கையில் இருந்தது, ஆனால் மொத்தமே ஐம்பது மணி நேரம் ஓட்டிய அனுபவம்தான். நம்ம ஊரில் லைசென்ஸ் வாங்கி முதல் தடவையா பைபாஸ்ல பைக்கை விடுவோமே... அந்த லெவல்.

1986 அக்டோபரில் ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யவிக்கில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அணு ஆயுதத்தைக் குறைப்பது பற்றிப் பேசினார்கள். ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகாமல் கலைந்துபோனது. டி.வி.யில் அதைப் பார்த்த நம்ம பையனுக்கு ஏமாற்றம். பனிப்போர் காலம் அது. சண்டைன்னு வந்தா முதல் குண்டு தன் ஊர்மேலதான் விழும்னு ஜெர்மனியில் எல்லாருக்குமே ஒரு பயம் உண்டு. ‘பெரியவங்க பேசினா வேலைக்கு ஆகாது. நானே நேராப் போய் கோர்பச்சேவைப் பார்த்துட்டா என்ன?’ இதுதான் ஐடியா. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் ஒரு கற்பனைப் பாலம் கட்டப் போறேன்னு பின்னாடி சொன்னான்.

சிரிக்காதீங்க. பதினெட்டு வயசுல நாம எல்லாருமே இப்படி ஒரு ஐடியாவோட படுத்திருக்கோம். காலையில எழுந்து பல் தேய்க்கும்போதே அது காணாமப் போயிடும். இவனுக்குப் போகலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விமானம் சொந்தமில்லை. ஃப்ளையிங் கிளப்பில் வாடகைக்கு எடுத்த செஸ்னா 172. நாலு பேர் உட்காரலாம், மூக்கில் ஒரே ஒரு இன்ஜின், முழு லோடோட சேர்த்தே எடை ஒரு டன் சொச்சம்தான். யாருமே ஏறாத நம்ம ஊர் காலி அம்பாஸடர் என்ன எடை வருமோ, கிட்டத்தட்ட அதுதான். வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உலகத்தில் இதுவரை மிக அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் இதுதான். சீட்டுகளில் சிலதைக் கழற்றிப்போட்டு, அந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் டேங்க் வெச்சுக்கிட்டான் ரஸ்ட். கையில் ஒரு ஹெல்மெட் வேற... பைக் ஹெல்மெட்!

1987 மே 13. வீட்டுப் பக்கத்து விமானத்தளத்திலிருந்து கிளம்பி, வட அட்லான்டிக் கடலைத் தாண்டி ஃபேரோ தீவுகள், ஐஸ்லாந்து, அப்புறம் நார்வே, கடைசியா ஃபின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கி. அந்தச் சின்ன இன்ஜினை நம்பி அவ்வளவு கடலைத் தாண்டினதே பெரிய விஷயம். ரெய்க்யவிக்கில், பேச்சுவார்த்தை நடந்த அந்த வீட்டையும் போய்ப் பார்த்துட்டு வந்தான். அதுவரைக்கும் எல்லாமே சட்டப்படி. ஒரு தப்பும் கிடையாது.

தப்பு எங்கே ஆரம்பிக்குதுன்னு புரியணும்னா, கொஞ்சம் ரூல்ஸ் பேசணும். போரடிக்காது, வாங்க.

தரையில எல்லைன்னா கம்பி வேலி இருக்கும், செக்போஸ்ட் இருக்கும். ஆகாயத்தில் ஒண்ணும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே இருக்கிற ஆகாயம் முழுக்கச் சொந்தம். கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைக்கும் கடலுக்கு மேலேயும் அப்படித்தான். 1944-ல் சிகாகோவில் உலக நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தே இதுதான். அதே ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்து, டைம்டேபிள் இல்லாம பறக்கிற விமானங்கள் முன் அனுமதி வாங்காமலே ஒரு நாட்டைக் கடந்து போகலாம்னு தாராளமாத்தான் சொல்லுது. ஆனா, கூடவே ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ன்னு ஒரு வாலும் இருக்கு. அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டு எத்தனையோ நாடுகள் ‘முதல்ல எங்ககிட்ட எழுதிக் கேளு’ன்னு சொல்லிடுச்சு.

அனுமதிக்கு அடுத்து ஃப்ளைட் பிளான். இது வேற ஒண்ணுமில்லை, நம்ம ஹாஸ்டல் கேட்ல இருக்கிற ரிஜிஸ்டர்தான். யாரு, எங்கே போறே, எந்த வழியா, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவே, எத்தனை பேர் கூட இருக்கீங்க, எவ்வளவு நேரத்துக்குப் பெட்ரோல் இருக்கு... எல்லாம் எழுதிக் கொடுக்கணும். ஹாஸ்டல் ரிஜிஸ்டருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நம்ம வாட்ச்மேன் அண்ணன் அதைத் திரும்பப் பார்க்கவே மாட்டார். இங்கே, சொன்ன நேரத்துக்கு அரை மணி நேரம் தாண்டியும் உங்க குரல் கேட்கலைன்னா, உங்களைத் தேட ஆரம்பிச்சுடுவாங்க.

அப்புறம் ட்ரான்ஸ்பாண்டர்னு ஒரு பெட்டி. ரேடார் ‘யாரு?’ன்னு கேட்டா, நாலு இலக்க நம்பர் ஒண்ணைத் திருப்பிச் சொல்லும். இந்த நம்பர்கள்ல மூணு எல்லா நாட்டுக்கும் பொது. 7500-ன்னா கடத்தல். 7600-ன்னா ரேடியோ அவுட். 7700-ன்னா ஆபத்து, காப்பாத்துங்க. பதிலே வரலைன்னா? ரேடார் திரையில் நீங்க வெறும் ஒரு புள்ளி. நண்பனா, எதிரியா, பறவைக் கூட்டமா, ஒண்ணும் தெரியாது.

இப்போ ரஸ்ட்டுக்கு வருவோம்.

மே 28, மதியம் பன்னிரண்டே கால் மணி வாக்கில் ஹெல்சிங்கியின் மால்மி விமானத்தளத்திலிருந்து கிளம்பினான். ரிஜிஸ்டரில் எழுதினது ஸ்டாக்ஹோம். ஸ்வீடன், மேற்குப் பக்கம். பெட்ரோல் ஃபுல். கன்ட்ரோல் டவரோடு கடைசியா ஒரு தடவை பேசிட்டு, கொஞ்ச தூரம் மேற்கே போய், விமானத்தைக் கிழக்கே திருப்பினான். பாட்டி வீட்டுக்குன்னு எழுதிட்டு செகண்ட் ஷோ போற கதை.

டவரில் இருந்தவர்கள் ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதிலே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளி ரேடாரிலிருந்தும் மறைஞ்சுபோச்சு. கடலில் விழுந்துட்டான்னுதான் நினைச்சாங்க. மீட்புப் படை கிளம்பிடுச்சு. கடல் மேல ஒரு இடத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கவும், அங்கேதான் விழுந்திருக்கணும்னு தண்ணிக்கு அடியில எல்லாம் தேடினாங்க. தேடினவங்களும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைங்கதான். முன்னே பின்னே தெரியாத ஒரு ஜெர்மன் பையனுக்காக அந்தக் குளிர்ந்த கடலில் அலைஞ்சாங்க.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் மாஸ்கோவுக்குத் தாவிடுவாங்க. எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். சோவியத் ராணுவத்தை ஏமாத்தினது சாமர்த்தியம்னே வெச்சுக்கோங்க. தன்னைக் காப்பாத்த வந்தவங்களை ஏமாத்தினதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?

சரி, அந்தப் பக்கம் என்ன நடந்துச்சு?

இன்றைக்குத் தனி நாடாக இருக்கும் எஸ்டோனியா அப்போ சோவியத் யூனியனுக்குள்ளே. அதன் கடற்கரையை ரஸ்ட் தாண்டியதுமே சோவியத் ரேடாரில் மாட்டிக்கிட்டான். அதாவது, ‘ரேடாருக்கே தெரியாம போனான்’னு சொல்றது தப்பு. நல்லாவே தெரிஞ்சுது! நம்பர் கேட்டாங்க, பதில் வரலை. ஏவுகணைப் படைகள் குறி வெச்சுக் காத்திருந்தன. சுட உத்தரவு மட்டும் வரலை. போர் விமானங்கள் கிளம்பின. ஒரு மிக்-23 பக்கத்திலேயே வந்துடுச்சு. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்துக்கு மேல போற ஜெட் அது. செஸ்னா வேகத்துக்கு அதால நிதானமா வரவே முடியாது. இறக்கையை விரிச்சு, சக்கரத்தை எல்லாம் வெளியே விட்டு, வேகத்தைக் குறைச்சுப் பார்த்தது. வெள்ளையா ஒரு விளையாட்டு விமானம்னு கீழே தகவல் சொன்னார் பைலட். சுடலாமான்னும் கேட்டார். வேண்டாம்னு பதில்.

ஏன் வேண்டாம்? அங்கேதான் இன்னொரு கதை ஒளிஞ்சிருக்கு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1983 செப்டம்பர் 1 அன்றைக்கு, வழிதவறி சோவியத் ஆகாயத்துக்குள் நுழைஞ்ச தென்கொரியப் பயணிகள் விமானத்தை, சகாலின் தீவுப் பக்கம் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர். ஒருத்தர்கூடப் பிழைக்கலை. உலகமே கொந்தளிச்சுது. அதுக்கப்புறம் ‘மேலிடத்து உத்தரவு இல்லாம பயணிகள் விமானம், தனியார் விமானம் எதையும் தொடாதே’ன்னு கட்டளை. அந்த மே 28-ல் மேலிடம் எங்கே? கோர்பச்சேவும் ராணுவ அமைச்சரும் கிழக்கு பெர்லினில் ஒரு மாநாட்டில் இருந்தாங்க! நம்ம பையன் உயிரோடு இருக்கிறதுக்கு அந்த 269 பேர்தான் காரணம்னு நான் சொன்னா மிகைன்னு நினைப்பீங்க. எனக்கு அப்படித் தோணலை.

மிச்சம் எல்லாம் சுத்தமான அதிர்ஷ்டம். வழியில் ஓர் இடத்தில் சோவியத் பயிற்சி விமானங்கள் பறந்துக்கிட்டிருந்தன. புதுப் பையன்கள், சரியான அடையாள நம்பரைப் போட மறந்துட்டாங்க. ‘இவனுங்க எல்லாம் நம்மாளுங்கதான்’னு அந்த ஏரியாவில் தெரிஞ்ச எல்லாப் புள்ளிக்கும் ‘நண்பன்’ முத்திரை குத்தினார் ஓர் அதிகாரி. அதுல ரஸ்ட்டும் சேர்ந்துட்டான். இன்னும் கொஞ்சம் தள்ளி, முந்தின நாள் நடந்த ஒரு விபத்துக்காகத் தேடுதல் வேலை நடந்துக்கிட்டிருந்தது. அந்தத் தேடுதல் விமானங்கள்ல ஒண்ணுன்னு நினைச்சு அங்கேயும் விட்டுட்டாங்க. இத்தனைக்கும் அன்றைக்கு சோவியத் யூனியனில் என்ன விசேஷம் தெரியுமா? எல்லைக் காவலர் தினம்!

சாயங்காலம் ஏழு மணி வாக்கில், மாஸ்கோ. முதலில் கிரெம்ளின் கோட்டைக்கு உள்ளேயே இறங்கலாம்னுதான் நினைச்சான். மதில் சுவருக்குள்ள இறங்கினா கே.ஜி.பி. கப்புனு பிடிச்சு, இப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்லிடுவாங்க. சாட்சி வேணும், ஜனம் பார்க்கணும். செஞ்சதுக்கம் மாதிரியே பெயரில் சிவப்பு உள்ள செஞ்சதுக்கம்தான்... அட, ரெட் ஸ்கொயரைத்தான் சொல்றேன், அங்கே இறங்கலாம்னா ஒரே கூட்டம். தாழ்வா வட்டமடிச்சுப் பார்த்தான். யாரும் நகர்ற வழியா இல்லை. கடைசியா பக்கத்திலிருந்த ஆற்றுப் பாலத்தில், தலைக்கு மேலே ஓடுற டிராலி பஸ் கம்பிகளுக்கு இடையில் இறக்கி, அப்படியே உருட்டிக்கிட்டு வந்து, வெங்காயக் கோபுரங்கள் இருக்குமே, அந்த செயின்ட் பேசில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

ஜனம் சுத்திக்கிச்சு. ‘எங்கேர்ந்து தம்பி வர்றே?’ ‘ஜெர்மனி.’ கிழக்கு ஜெர்மனின்னு நினைச்சு, நம்ம நட்பு நாட்டுப் பையன்னு சந்தோஷப்பட்டாங்களாம். மேற்குன்னதும்தான் முழிச்சாங்க. ஆட்டோகிராஃப்கூட வாங்கினாங்க. அங்கே வந்திருந்த ஒரு பிரிட்டிஷ் டாக்டர் வீடியோ கேமராவில் எல்லாத்தையும் பிடிச்சுட்டார். கைது பண்ணவே ரெண்டு மணி நேரம் ஆச்சு.

அப்புறம் வெடிச்சது பாருங்க. ராணுவ அமைச்சர் சொகொலோவ் அவுட். வான் பாதுகாப்புத் தளபதி கொல்டுனோவ் அவுட். கீழே நூற்றுக்கணக்கான அதிகாரிகள் வீட்டுக்குப் போனாங்க. தன் சீர்திருத்தங்களுக்குக் குறுக்கே நின்ன பெரிய தலைகளை உருட்ட கோர்பச்சேவுக்கு இது வசதியாப் போச்சுன்னு அப்பவும் சொன்னாங்க, இப்பவும் சொல்றாங்க. மாஸ்கோ மக்கள் அவங்க பங்குக்கு ரெட் ஸ்கொயருக்கு ‘ஷெரெமெத்யெவோ-3’ன்னு பேர் வெச்சுட்டாங்க. ஷெரெமெத்யெவோ அங்கே இருக்கிற ஏர்போர்ட். ஒண்ணு, ரெண்டுன்னு ஏற்கெனவே டெர்மினல் இருந்ததால இது மூணாவது!

பையனுக்கு நாலு வருஷ தண்டனை. ஆனா உழைப்பு முகாமுக்கு அனுப்பலை, மாஸ்கோவின் லெஃபோர்த்தோவோ சிறையிலேயே இருந்தான். கோர்பச்சேவைப் பார்க்கவும் முடியலை. 1987 டிசம்பரில் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாங்க. 1988 ஆகஸ்ட்டில் நல்லெண்ண அடையாளமா ரஸ்ட்டை விடுதலை பண்ணி அனுப்பிட்டாங்க.

இதோட கதையை நிறுத்திட்டா, கோவைத் தம்பி அடுத்த ஞாயித்துக்கிழமையே கிளம்பிடுவார். அதனால இன்னும் ரெண்டு தேதி சொல்லியாகணும்.

1995 செப்டம்பர் 12. உலகப் புகழ்பெற்ற கார்டன் பென்னட் பலூன் போட்டி. ஸ்விட்சர்லாந்தில் கிளம்பின பலூன்களில் சில, காற்று தள்ளினதில் பெலாரூஸ் ஆகாயத்துக்குள் போயிடுச்சு. போட்டி நடக்கிற விஷயத்தை அமைப்பாளர்கள் முன்கூட்டியே அந்த நாட்டுக்குச் சொல்லியிருந்தாங்க. இருந்தும் ராணுவ ஹெலிகாப்டர் ஒரு பலூனைச் சுட்டுத் தள்ளியது. அதில் இருந்த அமெரிக்கர்கள் ரெண்டு பேரும் இறந்துபோனாங்க. பலூன் தம்பி, பலூன்! அதுக்கு ஸ்டீயரிங்கூட கிடையாது.

1996 பிப்ரவரி 24. மியாமியிலிருந்து கிளம்பின மூணு குட்டி செஸ்னாக்கள். கியூபாவிலிருந்து தப்பிக் கடலில் வர்றவங்களைத் தேடிக் காப்பாத்துறதா சொல்லிப் பறக்கிற ஒரு குழு. முன்னாடி சில தடவை கியூபா ஆகாயத்துக்குள்ள புகுந்து துண்டுப் பிரசுரம் போட்டு வம்பு வளர்த்தவங்கதான், மறுக்கலை. அன்றைக்கு கியூபாவின் மிக் விமானம் அதில் ரெண்டைச் சுட்டு வீழ்த்தியது. நாலு பேர் போயிட்டாங்க. எங்க எல்லைக்குள்ள வந்தாங்கன்னு கியூபா. இல்லை, சர்வதேசக் கடலுக்கு மேலேதான் இருந்தாங்கன்னு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விசாரணை. எல்லைக்கோடு எங்கேங்கிற அந்த வாக்குவாதம், நாலு பேரும் போன பிறகு நடந்தது.

தென்கொரிய விமானச் சம்பவத்துக்குப் பிறகு, பறக்கிற சிவில் விமானத்தின் மேல் ஆயுதம் பிரயோகிக்கக் கூடாதுன்னு 1984-ல் சிகாகோ ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தாங்க. அது அமலுக்கு வர 1998 ஆயிடுச்சு. அதே ஷரத்து, ‘இறங்கு’ன்னு சொன்னா விமானமும் கீழ்ப்படியணும்னு சொல்லுது. போர் விமானம் ஒண்ணு உங்களுக்கு முன்னால வந்து இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினா, டாட்டா காட்டுதுன்னு நினைச்சுடாதீங்க. ‘உன்னை மறிச்சிருக்கேன், பின்னாடி வா’ன்னு அர்த்தம். நீங்களும் இறக்கையை ஆட்டணும், பின்னாடியே போகணும். ரேடியோவில் 121.5 மெகாஹெர்ட்ஸ் போட்டுப் பேசணும். விமான நிலையத்துக்கு மேலே சக்கரத்தை வெளியே விட்டபடி சுத்தினா, ‘இங்கே இறங்கு’. சட்டுனு மேல்நோக்கித் திரும்பி விலகிப்போனா, ‘சரி, நீ போகலாம்’. உலகம் முழுக்க இதே சைகைதான்.

அப்போ சட்டப்படி இப்படிப் பறக்கவே முடியாதா? தாராளமா முடியும். அமெரிக்காக்காரங்க வருஷா வருஷம் கோடைக்காலத்தில் சின்ன விமானங்கள்ல அலாஸ்கா போறாங்க. அலாஸ்கா அவங்க மாநிலம்தான், ஆனா நடுவில் கனடா கிடக்கு. கிளம்பும்போதே ஃப்ளைட் பிளான், கனடா கஸ்டம்ஸுக்கு முன்கூட்டியே தகவல், அனுமதிச்ச ஏர்போர்ட்டில்தான் முதலில் இறங்கணும். நடுக்காட்டில் விழுந்தா சமாளிக்க உணவு, நெருப்பு மூட்டக் கருவின்னு உயிர்காப்புச் சாமான் வெச்சிருக்கணும். இதில் ஒரு தமாஷ்... காட்டில் இறங்கினா கரடிக்குப் பயந்து பலபேர் துப்பாக்கி எடுத்துட்டுப் போவாங்க. நீளத் துப்பாக்கின்னா கஸ்டம்ஸில் எழுதிக் கொடுத்துட்டுக் கொண்டுபோகலாம். கைத்துப்பாக்கிக்கு மட்டும் கனடா ‘ஊஹூம்’னுடும். கரடி எவ்வளவு பெரிசா இருந்தாலும் சரி!

கோவைத் தம்பி, உங்களுக்கு: நம்ம நாட்டில் தனியார் பைலட் லைசென்ஸுக்கு வயசு பதினேழு முடிஞ்சிருக்கணும், நாற்பது மணி நேரம் ஓட்டியிருக்கணும், டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேணும். வெளிநாடு போகணும்னா கஸ்டம்ஸ், இமிகிரேஷன் இருக்கிற ஏர்போர்ட்டிலிருந்துதான் கிளம்ப முடியும். போற நாட்டின் அனுமதி தனி. நம்ம வான் பாதுகாப்புப் பிரிவு கொடுக்கிற நம்பர் கையில் இல்லாம, வெளிநாடு என்ன, உள்ளூரிலேயே தரையை விட்டுக் கிளம்ப விடமாட்டாங்க. அதனால, ‘ஞாயித்துக்கிழமை காலையில சும்மா’ன்னு கிளம்புறது நடக்காது. திங்கட்கிழமையே பேப்பர் வேலையை ஆரம்பிங்க.

அந்தப் பையன் என்ன ஆனான்னு கேட்பீங்க. ஊருக்குத் திரும்பி, ராணுவ சேவைக்குப் பதிலா ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கிட்டிருந்தான். 1989 நவம்பரில், தன்னை வேண்டாம்னு சொன்ன நர்ஸிங் மாணவியைக் கத்தியால் குத்திட்டான். அந்தப் பொண்ணு பிழைச்சதே பெரும்பாடு. கோர்ட் அவனுக்கு ரெண்டரை வருஷம் கொடுத்தது. உலகத்துக்குச் சமாதானம் சொல்லப் போன அதே பையன்! ரஸ்ட் படத்தை ரூம் சுவரில் ஒட்டலாமான்னு யாராவது கேட்டா, இந்தப் பாராவைக் காட்டுங்க.

செஸ்னா? கை மாறி, ஜப்பான் வரைக்கும் போயிட்டு, 2008-லிருந்து பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கு.